பல குரலில் ஓர் ஊர்ப்பாட்டு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. நல்லூர்த் திருவிழா வந்தால் தேவாரமும் பஜனையும் வீதியெங்கும் கேட்கும். மார்கழியில் ஒருபுறம் திருவெம்பாவை, மறுபுறம் நத்தார் கரோல். பாடசாலைகளில் சங்கீதம் ஒரு பாடம். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகள் ஆண்டுதோறும் தோற்றுகிறார்கள். மருதனார்மடத்தில் இசையையே பட்டப் படிப்பாகப் படிக்கலாம். கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டு ஓய்வதில்லை. இவ்வளவும் இருந்தும் ஒன்று இல்லை. கோயிலையோ தேவாலயத்தையோ சாராமல், சினிமாவிலிருந்தும் எடுக்காமல், நாலைந்து பேர் கூடியிருந்து தமிழின் நல்ல கவிதை ஒன்றை ஆளுக்கொரு குரலாகப் பிரித்துத் தங்கள் மகிழ்ச்சிக்காகவே பாடும் வழக்கம் இன்று நம்மிடம் இல்லை. உலக வாழ்வைக் கூடிப் பாடும் வழக்கம் ஒருகாலத்தில் இந்த மண்ணில் வலுவாக இருந்தது. அதைப் புதிய உருவில் மீண்டும் எழுப்ப வேண்டும், அதற்கான வளம் முழுவதும் நம் கையிலேயே இருக்கிறது என்பதே என் வாதம்.

இப்படி ஒரு பாட்டு வகை என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தழைத்த மத்ரிகல் அது. வாத்தியம் கட்டாயமில்லை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு குரல்கள். ஒவ்வொரு குரலுக்கும் தனி மெட்டு, ஒரு மெட்டுக்கு ஒருவர். பாடுபொருள் காதல், பிரிவு, இயற்கை, மரணம். தேவாலயம் இலத்தீனில் பாடிக்கொண்டிருந்த காலத்தில் மத்ரிகல் மக்கள் பேசிய மொழியின் கவிதையை எடுத்துக்கொண்டது. 1374இல் இறந்த பெத்ரார்க்கின் கவிதைகளை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, பியெத்ரோ பெம்போ போன்ற அறிஞர்கள் நல்ல இத்தாலிய மொழிக்கு இலக்கணமாகவே உயர்த்திப் பிடித்தார்கள். அந்த இலக்கிய எழுச்சி இசையமைப்பாளர்களைத் தொற்றிக்கொண்டது. 1539இல் வெனிசில் அச்சான அர்க்கதெல்த் என்பவரின் முதலாவது மத்ரிகல் நூல் அதன்பின் நூறாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப அச்சேறியது. வாங்கியவர்களில் பெரும்பங்கினர் தொழில்முறைப் பாடகர்கள் அல்லர். மாலையில் வீட்டில் கூடிப் பாடிய இசைப் பிரியர்கள்.

அந்தப் புத்தகங்களின் அமைப்பைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நான்கு குரல் மத்ரிகல் என்றால் நான்கு தனித்தனிச் சிறு புத்தகங்கள். ஒவ்வொருவர் கையிலும் அவருடைய குரலுக்குரிய மெட்டு மட்டுமே இருக்கும். மற்றவர் என்ன பாடப்போகிறார் என்பது எவருடைய தாளிலும் இராது. முழுப் பாட்டும் காகிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. நால்வரும் வாய் திறந்த பிறகே அது உருவாகிறது. ஆகவே தன் மெட்டைச் சரியாகப் பாடினால் மட்டும் போதாது. மற்ற மூவரையும் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். எங்கே நிறுத்துவது, எங்கே நுழைவது என்பதைக் காதுதான் சொல்லும். சொல்லுக்கும் இசைக்கும் இருந்த உறவும் அப்படியே நுட்பமானது. 1601இல் இலண்டனில் வெளியான ‘ஓரியானாவின் வெற்றிகள்’ என்ற தொகுதியில் தோமஸ் வீல்க்ஸ் அமைத்த ஆறு குரல் பாட்டு ஒன்று உண்டு. தேவதை ஒருத்தியின் தோழியர் அவளைத் தனியே விட்டுவிட்டு மலையிலிருந்து ஓடி இறங்குவதைச் சொல்லும் பாட்டு. அவர்கள் இருவர் இருவராக ஓடும் இடத்தில் இரண்டு குரல்களே ஒலிக்கும். மூவர் மூவராக ஓடும் இடத்தில் மூன்று. எல்லாரும் சேரும் இடத்தில் ஆறு குரலும் எழும். தேவதை தனித்து நிற்கும் இடத்தில் ஒற்றைக் குரல் மிஞ்சும். கவிதையின் பொருள் முழுவதும் யார் பாடுகிறார், யார் நிறுத்துகிறார் என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. தனிப்பாடகர் எவ்வளவு மேதையாக இருந்தாலும் இதைச் செய்ய இயலாது.

இனி நம் ஊருக்கு வருவோம். பம்புகள் வருவதற்கு முன் குடாநாட்டின் தோட்டங்களுக்குத் துலாவால்தான் தண்ணீர் இறைத்தார்கள். துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்து நீரைச் சரிப்பார். இன்னொருவர் தூரத்தில் பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிடுவார். உயரத்தில் ஒருவர், கிணற்று வாயில் ஒருவர், வயலில் ஒருவர் என்று மூன்று இடத்தில் நின்ற இவர்களை ஒரே கதிக்குள் கட்டி வைத்தது பாட்டு. எத்தனை பட்டை இறைத்தாயிற்று என்ற கணக்கையும் அதுவே வைத்திருந்தது. கடற்கரையில் அம்பா. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். வடக்கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் மறுமொழியாகப் பாடுவார்கள். அந்த மறுமொழியின் அழுத்தம் விழும் இடத்தில்தான் எல்லாருடைய கையும் ஒன்றாக இழுக்கும். அடியெடுப்பவர் கிண்டல் செய்யலாம், காதலைச் சொல்லலாம், சம்மாட்டியைக் குத்திக் காட்டலாம். மறுமொழி மட்டும் மாறாது. அருவி வெட்டிலும் சூடடிப்பிலும் வேறு பாட்டுகள் இருந்தன. பெண்களுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும் நாற்று நடுகைப் பாட்டும் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை உலக வாழ்வைப் பாடிய கூட்டுப் பாட்டுகள். மத்ரிகலைப் போல் பல மெட்டுகளை அடுக்கியவை அல்ல என்பது உண்மை. ஆயினும் பாட்டை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் பலர் பங்கிட்டுப் பாடுவது என்ற அடிப்படை இரண்டுக்கும் பொதுவானது.

கூத்தில் இந்தப் பங்கீடு இன்னும் வளர்ந்திருந்தது. அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். ஆட்டக்காரர் தன் பாட்டைப் பாடுவார். பிற்பாட்டுக்காரர்கள் அதை ஏந்தி நீட்டுவார்கள். கரையோரக் கத்தோலிக்க ஊர்களின் தென்மோடிக் கூத்திலும், வட்டுக்கோட்டைப் பக்கத்து வடமோடியிலும், ஊரூராக நடந்த காத்தவராயன் கூத்திலும் இது பொது. இக்கூத்துகள் பல சமயக் கதைகளை எடுத்தாண்டாலும் பாட்டின் உணர்ச்சி உலகத்தாருடையது: தாயின் புலம்பல், அரசனின் செருக்கு, காதலரின் வாக்குவாதம்.

இந்த மரபு எப்படிப் போயிற்று? யாரும் தடைசெய்யவில்லை. பம்பு வந்ததும் துலாப் பாட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கரைவலையை உழவு இயந்திரம் இழுக்கத் தொடங்கிய இடங்களில் அம்பாவுக்கும் அதே கதி. தொழிலோடு ஒட்டிப் பிறந்த பாட்டு தொழில் மாறியதும் உதிர்ந்தது இயல்புதான். வருந்த வேண்டியது, உதிர்ந்த இடத்தில் வேறொன்று முளைக்காமல் போனதைத்தான். வானொலியும் சினிமாவும் பாடுகிறவரைக் கேட்கிறவராக்கின. இலங்கை வானொலியில் உருவான ஈழத்து மெல்லிசை நம் கவிஞர்களின் சொற்களுக்கு மெட்டுத் தந்தது பெரிய காரியம். ஆனால் அதுவும் ஒருவரோ இருவரோ ஒலிவாங்கி முன் நின்று பாட, மற்றவர் கேட்கும் வடிவமே. பாடசாலைச் சங்கீதமும் தனிப்பாடகரை நோக்கியே பிள்ளையை வளர்க்கிறது. வர்ணம், கீர்த்தனை, இராக ஆலாபனை எல்லாம் ஒரு குரலின் செம்மைக்கான பயிற்சி. அது மிகப் பெரிய கலை. அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆனால் அப்படிப் பயின்ற நூறு பிள்ளைகளில் மேடைக்குப் போகிறவர் சிலரே. மற்றவர்கள் பரீட்சை முடிந்ததும் வாயை மூடிவிடுகிறார்கள். தனியே கச்சேரி செய்யும் தகுதி இல்லாதவருக்குப் பாட வேறு இடமே நாம் வைக்கவில்லை.

மத்ரிகலும் இவ்வாறே விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் வாத்தியத் துணையுடன் ஒற்றைக் குரல் பாடும் முறையும் ஒப்பெராவும் எழுந்தன. பெரும் பாடகர்கள் தோன்றினார்கள். மேசையைச் சுற்றியிருந்து பாடியவர்கள் பார்வையாளர் இருக்கைக்குப் போனார்கள். 1638இல் வந்த மொந்தெவேர்தியின் எட்டாவது நூலில் பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே காணலாம். அதன்பின் மத்ரிகல் ஒடுங்கிவிட்டது. ஆனால் அழியவில்லை. 1741இல் இலண்டனில் மத்ரிகல் சங்கம் என்ற பெயரில் ஓர் இசைப் பிரியர் கூட்டம் சேர்ந்து பழைய புத்தகங்களைத் தேடிப் படியெடுத்துப் பாடத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு மௌனத்துக்குப் பிறகும் அது மீண்டதற்குக் காரணம், மெட்டுகள் அச்சில் இருந்தமையே.

நம் இழப்பின் ஆழம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் வட இலங்கையின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ப் பாடல்களையும் கூத்து நூல்களையும் பதிப்பித்தார். பேராசிரியர் இ. பாலசுந்தரம் ஈழத்து நாட்டார் பாடல்களை விரிவாக ஆராய்ந்தார். இவர்கள் இல்லாவிட்டால் சொற்களும் போயிருக்கும். ஆனால் இத்தகைய தொகுதிகளில் பெரும்பாலும் சொற்களே உள்ளன, மெட்டு இல்லை. படிப்பவருக்குப் பாட்டின் உடல் கிடைக்கிறது, மூச்சு கிடைப்பதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய ஆவணகம் பல்லாயிரம் ஈழத்து நூல்களைக் காத்து வைத்திருக்கிறது. அதே அக்கறையுடன் அண்ணாவிமாரின் குரலை ஒலிப்பதிவு செய்து சுரப்படுத்தும் பணி நடக்க வேண்டும். முதிய அண்ணாவியார் ஒருவர் போகும்போது அவரோடு போகிற மெட்டுகளை எந்த நூலகமும் மீட்டுத் தராது.

பாடுவதற்குக் கவிதை உண்டா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கூழும் கொழுக்கட்டையும் கூடியிருக்கும் மகிழ்ச்சியுமே அதன் பொருள். அளவெட்டியில் பிறந்த மஹாகவி, பேச்சுத் தமிழின் ஓசையை யாப்புக்குள் கொண்டுவந்தவர். மீனவக் குடியைப் பற்றிய அவருடைய ‘புதியதொரு வீடு’ நாடகத்தின் பாட்டுகளை இன்றும் பாடுபவர்கள் உண்டு. முருகையனின் கவிதையில் வாதம் உண்டு. ஒரு குரல் கேட்க மறுகுரல் மறுக்கும் அமைப்புக்கு அது தானாக இடங்கொடுக்கும். புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் கவிதையைப் பாடியே மக்களிடம் கொண்டு சென்றவர். இத்தாலிய இசையமைப்பாளருக்கு ஒரு பெத்ரார்க் வாய்த்தது போல் நமக்கு ஒருவரல்லர், ஒரு வரிசையே வாய்த்திருக்கிறது. இவர்களைப் பரீட்சைக்குப் படிக்கிறோம், நினைவு விழாவில் புகழ்கிறோம். கூடிப் பாடுவதில்லை.

பல குரலில் பாடும் திறமை நம்மிடம் உண்டா? உண்டு. அமெரிக்க மிசன் 1816இல் குடாநாட்டில் பணி தொடங்கியதிலிருந்து மேலைத்தேயக் கூட்டுப் பாடலுக்கு இங்கே நீண்ட பழக்கம் உண்டு. சொப்ரானோ, ஆல்ட்டோ, ரெனர், பேஸ் என்று நான்கு குரல் பிரித்துப் பாடும் பாடகர் குழுக்கள் தேவாலயங்களிலும் பழைய மிசன் பாடசாலைகளிலும் இன்றும் இருக்கின்றன. நாடக மேடையும் இந்த விளக்கை அணையவிடவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடக்கிய நாடக அரங்கக் கல்லூரியின் வழிவந்தவர்களும், 1985இல் யாழ்ப்பாணத்தை உலுக்கிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகக் குழுவினரும் கூட்டுக் குரலின் ஆற்றலைக் காட்டினார்கள். மரியசேவியர் அடிகளார் 1965இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் குழுப்பாடலையும் இடம்பெயர்வுகளுக்கு நடுவிலும் கைவிடவில்லை. கவிதை ஒரு பக்கம், கர்நாடக இசை தேர்ந்த குரல்கள் ஒரு பக்கம், பல குரல் நுட்பம் தெரிந்த தேவாலயக் குழுக்கள் ஒரு பக்கம், கூத்தர் ஒரு பக்கம். எல்லாம் ஒரே குடாநாட்டில், சில மைல் தூரத்துக்குள். இவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதே குறை.

இதற்கு முதலாவதாக எழும் மறுப்பு இசை சார்ந்தது. நம் இசை இராகத்தை நம்பியது, கமகத்தில் உயிர்ப்பது. பல மெட்டுகளை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் இராகம் சிதையும் என்பார்கள். இந்தக் கவலை நியாயமானது. இத்தாலிய முறையை அப்படியே தூக்கி வந்தால் அதுதான் நடக்கும். ஆனால் குரல்களைப் பிரிப்பதற்கு ஒரே வழிதான் உண்டா? ஒரு குரல் ஆதாரத்தில் நிற்க மற்றது அசையலாம். ஒருவர் தொடங்கிய அடியை இன்னொருவர் ஓர் ஆவர்த்தனம் பிந்தித் தொடரலாம். அம்பாவில் போல மாறாத மறுமொழி கீழே ஓட, அடிகள் மேலே மாறிச் செல்லலாம். எம்.பி. சீனிவாசன் 1970களில் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் குழுவை வளர்த்தெடுத்துப் பாரதியின் பாடல்களைப் பல குரலில் பாட வைத்தார். சேர்ந்திசை என்ற பெயரே அவரால் பரவியது. தமிழ் அந்த முயற்சியில் சிதையவில்லை. அம்முயற்சி புதிய கூட்டத்துக்குப் பாட்டைக் கொண்டு சென்றது.

இரண்டாவது மறுப்பு, இது அந்நியச் சரக்கு என்பது. வயலின் எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கையில் எடுத்த பிறகு அது இல்லாமல் இன்று கச்சேரியே இல்லை. காங்கேசன்துறை நடிகமணி வி.வி. வைரமுத்துவின் மயான காண்டத்தில் ஆர்மோனியம் ஒலித்தபோது எவரும் அதை அந்நியம் என்று எழுந்து போகவில்லை. மத்ரிகலும் ஊர்விட்டு ஊர் போன வடிவந்தான். அதை இத்தாலியில் வளர்த்தவர்களில் முதன்மையான பலர் வடக்கேயிருந்து வந்தவர்கள். 1588இல் நிக்கலஸ் யங் இத்தாலியப் பாட்டுகளை ஆங்கிலச் சொற்களுடன் இலண்டனில் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் ஆங்கிலேயர் தங்கள் கவிதைக்குத் தங்கள் மத்ரிகலை உருவாக்கிக்கொண்டார்கள். வடிவம் வெளியிலிருந்து வரலாம். சொல்லும் மெட்டும் உள்ளூரில் பிறந்தால் அது உள்ளூர்ப் பாட்டே.

மூன்றாவது மறுப்புத்தான் கடினமானது. அதை மழுப்பக் கூடாது. மத்ரிகல் அரசவையிலும் செல்வர் வீட்டிலும் வளர்ந்த கலை. துலாவும் அம்பாவும் கூத்தும் உழைப்பாளரின் கலை. இந்த மண்ணில் சாதியால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் பலர் காத்த கலை. படித்தவர்கள் அவற்றை நீண்டகாலம் இழிவாகப் பார்த்தார்கள். இப்போது அந்த மெட்டுகளை எடுத்து மெருகேற்றி மேடைக்குக் கொண்டுபோவது இன்னொரு பறிப்பாகாதா? ஆகலாம், அண்ணாவியாரை ஓரத்தில் நிறுத்திவிட்டு அவருடைய மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டால். வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை நவீன மேடைக்கு ஏற்பச் சுருக்கியபோதும் இப்படியான கேள்விகள் எழுந்தன. ஆனால் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ ஆகியவை இல்லாதிருந்தால் பல்கலைக்கழகத்தில் கூத்து ஒரு பாடமாக மதிப்புப் பெற்றிராது. ஆகவே செய்யாமல் விடுவது விடையாகாது. நேர்மையாகச் செய்வதே விடை. மெட்டுத் தந்தவரின் பெயரும் ஊரும் பாட்டோடு சேர்ந்து அச்சேற வேண்டும். பயிற்சியில் அவர் ஆசிரியராக அமர வேண்டும். அதற்கான ஊதியம் அவருக்குக் கிடைக்க வேண்டும். குருநகர்ப் பிள்ளையும் உரும்பிராய்ப் பிள்ளையும் ஒரே பாட்டில் ஆளுக்கொரு குரலாக நிற்கும் நிலை இந்தச் சமூகத்துக்கு இசையைவிடப் பெரிய நன்மை.

பெண்களுக்கும் இது வாசல் திறக்கும். மத்தலேனா கசுலானா என்ற பெண் 1568இல் தன் மத்ரிகல் நூலைத் தன் பெயரிலேயே அச்சிட்டார். பெராரா அரசவையில் 1580களில் பெண் பாடகியர் குழு ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. நம் கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே பாடினார்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் படைத்த பெண்ணுக்கு வீட்டுக்கு வெளியே கூடிப் பாட இடம் குறைவாகவே இருந்தது. புதிய வடிவத்தில் அந்தப் பழைய தடை எதுவும் எழுதப்படவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் குழு இசை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் எல்லாரும் ஒரே மெட்டை ஒன்றாகப் பாடுவதாக அது நின்றுவிடுகிறது. ஈழத்துக் கவிதை ஒன்றுக்குப் புதிதாக மெட்டமைத்து, குறைந்தது மூன்று குரலாகப் பிரித்துப் பாடும் ஒரு பிரிவை அதில் சேர்க்கலாம். மருதனார்மடத்து இசை மாணவர் ஆண்டுக்கு ஓர் அண்ணாவியாரின் மெட்டுகளைச் சுரப்படுத்துவதை ஆய்வுப் பணியாக ஏற்கலாம். தேவாலயப் பாடகர் குழு நடத்துநர்கள் குரல் பிரிக்கும் கலையை மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் கற்றுத் தரலாம். இடத்துக்கும் குறைவில்லை. குடாநாட்டின் ஒவ்வொரு குறிச்சியிலும் சனசமூக நிலையம் இருக்கிறது. பத்திரிகை படிக்க வருபவர்கள் வாரத்தில் ஒரு மாலை பாடவும் வரலாம். மேடையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம்.

இந்த முயற்சிக்கு இசையைத் தாண்டிய காரணம் ஒன்றும் உண்டு. போர்க் காலத்தில் நாம் கூடிப் பாடியபோதெல்லாம் ஒரே குரலில் பாடினோம். காலத்தின் தேவை அப்படி இருந்தது. போருக்குப் பின் கூடிப் பாடுவதையே விட்டுவிட்டு, அவரவர் கைபேசியில் அவரவர் பாட்டைக் கேட்கிறோம். ஒரே குரலாகிவிடுவதற்கும் தனித்தனியாகிவிடுவதற்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: தன் மெட்டை விட்டுக்கொடுக்காமல், அடுத்தவர் மெட்டையும் கேட்டு, இரண்டும் பொருந்தும் இடத்தைத் தேடிப் பாடுவது. இதைச் சொற்பொழிவால் கற்றுக்கொடுக்க முடியாது. பதினாறு வயதில் நான்கு பேரோடு நின்று பாடிப் பழகிய பிள்ளைக்கு அது தானாக வரும். அந்தப் பழக்கத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது பாடசாலைகளின், பல்கலைக்கழகத்தின், சனசமூக நிலையங்களின் கடமை. வரும் தமிழ்மொழித் தினப் போட்டியிலேயே அதைத் தொடங்கலாம்.